சாம்பல் அணிலைக் கொன்றுதான் செவ்வணிலைக் காக்க வேண்டுமா?

கோதை (லீட்ஸ்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் பிள்ளைகளோடு வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள கம்பிரியாவின் ஏரிப் பகுதிக்குப் போயிருந்தோம். வண்டி நிறுத்துமிடத்தின் அருகே ஒரு பலகை. செவ்வணில், சாம்பல் அணில் இரண்டின் படங்களையும் போட்டு, சாம்பல் அணிலைக் கண்டால் உடனே தெரிவிக்குமாறு அதில் கேட்டிருந்தார்கள். எதற்காக என்று அங்கு நின்ற தன்னார்வலர் ஒருவரிடம் என் ஒன்பது வயது மகள் கேட்டாள். கூண்டு வைத்துப் பிடித்துக் கொல்வதற்காக என்று அவர் மறைக்காமல் சொன்னார். இராமர் அணிலின் முதுகைத் தடவிக் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். வீடு வந்து சேரும் வரை வாயே திறக்கவில்லை.

எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு வருவதும் சாம்பல் அணில்தான். அவள் கையால் வேர்க்கடலை வைக்கிறாள், அது வந்து தின்கிறது. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வது தவிர வேறு வழியே கிடையாதா? இது பற்றி அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். மகளுக்கு நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

கானவன் (கம்பிரியா)

கோதை அவர்களுக்கு வணக்கம். அந்தப் பலகை நிற்கும் மாவட்டத்தில்தான் நான் வாழ்கிறேன். ஏழு ஆண்டுகளாக எங்கள் ஊர்த் தன்னார்வக் குழுவில் கூண்டு வைக்கும் வேலையைச் செய்து வருகிறேன். எனவே உங்கள் மகளுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கும் உண்டு.

பிரிட்டனுக்கு உரிய அணில் செவ்வணில் ஒன்றே. சாம்பல் அணிலின் தாயகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகள். மாளிகைத் தோட்டங்களுக்கு அழகு சேர்க்கும் என்று செல்வந்தர்கள் அதைக் கப்பலில் வரவழைத்தார்கள். பதிவில் உள்ள முதல் விடுவிப்பு 1876ஆம் ஆண்டு செஷையரின் ஹென்பரி பார்க்கில் நடந்தது. பின்னர் பெட்ஃபோர்ட் பிரபு தம்முடைய வோபர்ன் மாளிகையிலிருந்து நாட்டின் பல இடங்களுக்கு இவற்றைப் பரிசாக அனுப்பினார். அரசு விழித்துக்கொண்டு இறக்குமதிக்கும் வளர்ப்புக்கும் தடை போட்டது 1937இல்தான். அதற்குள் அவை பல மாவட்டங்களில் வேரூன்றிவிட்டன. இன்று பிரிட்டனில் சாம்பல் அணில்கள் ஏறத்தாழ 27 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். செவ்வணில்கள் 3 லட்சத்துக்கும் குறைவு, அவற்றிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியவை 40,000கூட இருக்காது.

சாம்பல் அணில் செவ்வணிலை விரட்டிக் கடித்துக் கொல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இரண்டும் ஒரே மரத்தில் இரை தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். சிக்கல் உணவில் தொடங்குகிறது. செவ்வணில் 300 கிராம் அளவுதான் இருக்கும். சாம்பல் அணில் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஓக் மரத்தின் கொட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளைச் செவ்வணிலின் வயிறு சரியாகச் செரிப்பதில்லை, சாம்பல் அணிலின் வயிறு செரித்துவிடுகிறது. ஹேசல் கொட்டைகளையோ அவை முற்றுவதற்கு முன்பே சாம்பல் அணில் காலி செய்துவிடும். குளிர்காலத்துக்கு முன் உடம்பில் கொழுப்பு சேராத பெண் செவ்வணில் அடுத்த வசந்தத்தில் குட்டி போடாமலே போகலாம். இப்படிச் சண்டை இல்லாமல், சத்தம் இல்லாமல், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு காடு கைமாறிவிடுகிறது.

அணில் அம்மை வந்துவிட்டால் அவ்வளவு காலமும் தேவைப்படாது. இந்த வைரஸைச் சாம்பல் அணில்கள் சுமந்து திரிகின்றன, அவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. செவ்வணிலுக்குத் தொற்றினால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் சாவு. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலையில் எங்கள் தீனிப்பெட்டியின் அடியில் ஒரு செவ்வணிலைக் கண்டேன். இமைகள் இரண்டும் சீழால் ஒட்டிக்கொண்டிருந்தன. உதடுகளிலும் விரல் இடுக்குகளிலும் பொருக்குத் தட்டியிருந்தது. முன்னங்கைகள் வீங்கியிருந்ததால் கொட்டையைப் பிடிக்க முடியாமல் அது மறுபடி மறுபடி நழுவ விட்டது. நான் அருகில் போய் உட்கார்ந்தும் அதற்குத் தெரியவில்லை. அந்தச் சோலையில் அந்த ஆண்டு 14 செவ்வணில்களின் உடல்களை எடுத்தோம்.

கூண்டில் அகப்பட்ட சாம்பல் அணிலைக் கொல்லும்போது மனம் எளிதாக இருப்பதில்லை. ஏழு ஆண்டாகியும் பழகவில்லை, பழகிவிடவும் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் நான் கூண்டு வைக்காமல் வீட்டில் இருந்துவிட்டால் அந்தக் காட்டில் சாவு நின்றுவிடாது. அது செவ்வணிலின் பக்கம் போய்விடும், அவ்வளவுதான்.

சிறுகுடி (லண்டன்)

கானவன் ஐயா எழுதியதை மதிக்கிறேன்; ஆயினும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாவது, 150 ஆண்டுகளாக இங்கே பிறந்து வளரும் ஓர் உயிரை எத்தனை தலைமுறை வரை அந்நியன் என்று சொல்வீர்கள்? கடல் தாண்டி வந்து குடியேறிய நம்மைப் போன்றவர்கள் இந்தச் சொல்லை யோசித்துப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, இன்று செவ்வணிலுக்காகக் கண்ணீர் விடும் இதே நாட்டில், 1903இல் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் ஒரு அணில் சங்கம் அமைத்து, மரத்தைக் கெடுக்கிறது என்று குற்றம் சாட்டிப் பல்லாயிரம் செவ்வணில்களைச் சுட்டுத் தள்ளினார்கள். ஆக, யார் தீங்குயிர் என்பது அந்தந்தக் காலத்து மனிதரின் வசதியைப் பொறுத்தது. மூன்றாவதே முக்கியமானது: கொன்றால் பலன் உண்டா? 1950களில் அரசே ஒரு வாலுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தது. வால்கள் மலையாகக் குவிந்தன, அணில்கள் குறையவில்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள். பலனில்லாத கொலையை எந்த அறத்தால் ஞாயப்படுத்துவது?

செண்பகம் (இராஜபாளையம்)

விவாதத்துக்குக் குறுக்கே ஒரு சிறு வேண்டுகோள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் எங்கள் சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. 1988இல் அமைந்தது. அங்கே வாழும் நரை அணில் மரக்கிளைகளில் தாவித் திரியும் பெரிய அணில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு, காக்கப்பட வேண்டியது. இந்த இழையில் பேசப்படுவது வட அமெரிக்கச் சாம்பல் அணில். பெயர் ஒன்றுபோல் இருப்பதால், தேடலில் இங்கு வந்து சேரும் யாரும் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கானவன் (கம்பிரியா)

செண்பகம் அம்மாவுக்கு நன்றி. நானும் முதலிலேயே தெளிவுபடுத்தியிருக்க வேண்டும்.

சிறுகுடி அவர்களே, அந்நியன் என்ற சொல்லை நானும் விரும்புவதில்லை. என் பதிவில் அது இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். மனிதக் குடியேற்றத்தோடு இதை ஒப்பிடுவது எனக்கு ஏற்புடையதன்று. பக்கத்து வீட்டுக்கு ஒருவர் குடிவருவதால் மற்றவர் இனமே இல்லாமல் போவதில்லை. சாம்பல் அணில் எங்கிருந்து வந்தது என்பதற்காக நான் கூண்டு வைக்கவில்லை. அது இருக்கும் இடத்தில் செவ்வணில் இருக்க முடிவதில்லை என்பதற்காகவே வைக்கிறேன். மேட்டுநிலச் சங்கம் செய்தது கொடுமை என்பதில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன்.

வாலுக்கு ஷில்லிங் கொடுத்த திட்டம் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மை. அது ஏன் தோற்றது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்கே அணில் நிறைய இருந்ததோ அங்கே சுட்டார்கள். குறைந்ததும் வேறு இடம் போனார்கள். அடுத்த காட்டிலிருந்து இளம் அணில்கள் வந்து காலியிடத்தை நிரப்பின. ஆண்டுக்கு இருமுறை குட்டி போடும் உயிர் அது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொல்வது பயிர் அறுப்பதைப் போன்றது, அடுத்த போகம் தானே வந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக ஆங்கில்சி தீவைப் பாருங்கள். வேல்ஸின் வடமேற்கில், மெனாய் நீரிணைக்கு அப்பால் உள்ள 700 சதுர கிலோமீட்டர் தீவு. 1998இல் அங்கே சாம்பல் அணில்களை அகற்றத் தொடங்கியபோது எஞ்சியிருந்த செவ்வணில்கள் சுமார் 40. பதினைந்து ஆண்டுக்கு மேல் காடு காடாக, தோட்டம் தோட்டமாக, ஒரு பருவத்தைக்கூட விடாமல் கூண்டு வைத்தார்கள். செவ்வணில்களைக் கொண்டுவந்து விட்டும் பெருக்கினார்கள். இன்று தீவில் செவ்வணில்கள் நூற்றுக்கணக்கில் திரிகின்றன, சாம்பல் அணில் நிலைத்து வாழவில்லை. இரண்டு பாலங்கள் இருப்பதால் எதிர்க்கரையில் இன்னமும் காவல் இருக்கிறார்கள். அணில் அம்மையும், சாம்பல் அணில் குறையக் குறையத் தானே அடங்கிப்போனது.

என்னிடம் கேட்டால், இந்த வேலையில் மிகக் கொடியது அரைகுறையாகச் செய்வதுதான். இரண்டு ஆண்டு நிதி வரும், கூண்டு வைப்பார்கள். நிதி நின்றதும் கூண்டுகள் கிடங்குக்குப் போகும். மூன்றே ஆண்டில் பழையபடி ஆகிவிடும். அந்த இரண்டு ஆண்டில் கொன்ற அத்தனை உயிரும் வீண். நீங்கள் கேட்ட அறக் கேள்வியை அந்த நிதியைத் திடீரென்று நிறுத்துகிறவர்களிடம் கேட்க வேண்டும் என்பேன்.

மரம்நடுவோன் (ஹியர்ஃபர்ட்ஷையர்)

செவ்வணில் என் பகுதியில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. இருந்தும் நாங்கள் கூண்டு வைக்கிறோம். காரணம் மரம்.

நான் வேலை செய்யும் காட்டில் 20 ஆண்டுகளுக்கு முன் நட்ட பீச், ஓக் மரங்கள் இப்போது தொடை அளவு பருத்திருக்கின்றன. வைகாசி, ஆனி மாதங்களில் அடிமரத்தில் சாறு ஏறும்போது சாம்பல் அணில்கள் வெளிப்பட்டையைப் பல்லால் கிழித்துத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் ஈரமான படலத்தைச் சுரண்டுகின்றன. மரத்தின் கீழே விரல் நீளப் பட்டைத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். தொட்டால் தண்டு ஈரமாக, வெள்ளையாக, பல் பதிந்த வரிகளோடு இருக்கும். ஒரு பக்கம் மட்டும் உரிந்தால் மரம் பிழைத்தாலும் அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை நுழையும், பின்னொரு புயலில் அந்த இடத்தில் முறியும். சுற்றிலும் உரிந்துவிட்டால் மேற்பகுதி பட்டுப்போகும். 10 வயதிலிருந்து 40 வயது வரை உள்ள மரங்களுக்கே இந்த ஆபத்து மிகுதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு 3.7 கோடி பவுண்டு இழப்பு என்று வனத்துறைச் சங்கம் ஒன்று 2021இல் கணக்கிட்டது.

பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. பீச் நட்டால் அணில் விடாது என்று தெரிந்து, புதிதாகக் காடு வளர்ப்பவர்கள் பீச்சையே கைவிடுகிறார்கள். அந்த மரத்தை நம்பி வாழும் பூச்சிகள், பூஞ்சைகள், பொந்தில் கூடு கட்டும் பறவைகள் எல்லாம் நூறு ஆண்டு கழித்து எங்கே போகும்? பறவை முட்டைகளைச் சாம்பல் அணில் தின்கிறது என்பது உண்மை. ஆனால் அதனால் பறவைகளின் எண்ணிக்கை குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை, ஆதலால் அதை ஒரு வாதமாக நான் வைக்க மாட்டேன். மரமே போதிய சாட்சி.

நெய்தல் (கால்வே)

அயர்லாந்தில் நடந்ததை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். இங்கே 1911இல் லாங்ஃபர்ட் மாவட்டத்தின் காசில் ஃபோர்ப்ஸ் மாளிகைத் திருமணம் ஒன்றுக்குப் பரிசாக வந்த சில சாம்பல் அணில்களே ஷானன் ஆற்றுக்குக் கிழக்கே நாடு முழுதும் பரவின. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் மத்திய மாவட்டங்களில் அவை தாமாகவே குறையத் தொடங்கின. யாரும் பெரிதாகக் கூண்டு வைக்கவில்லை. திரும்பி வந்தது பைன் மார்ட்டன்.

பூனை அளவு, பழுப்பு உடல், வெண்மஞ்சள் தொண்டை கொண்ட மரமேறி ஊனுண்ணி இது. சிலர் தமிழில் மரநாய் என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் மரநாய் என்றால் வேறு விலங்கு. நீலகிரி மார்ட்டனுக்கு இது நெருங்கிய உறவு என்று சொன்னால் மேற்கு மலைத்தொடரை அறிந்தவர்களுக்கு விளங்கும். வேட்டையாலும் நஞ்சாலும் அழியும் நிலைக்குப் போய், சட்டப் பாதுகாப்பு கிடைத்த பின் பெருகியது. 2014இல் வெளியான ஆய்வு, லீஷ், ஆஃபலி மாவட்டங்களை உள்ளடக்கிய ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சாம்பல் அணில் சரிந்ததையும் அங்கே செவ்வணில் திரும்பியதையும் காட்டியது. ஸ்காட்லாந்திலும் 2018இல் இதே போக்கைக் கண்டார்கள். செவ்வணிலும் மார்ட்டனும் ஐரோப்பாவில் பல்லாயிரம் ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவை. மார்ட்டனின் மணம் வீசும் இடத்தில் செவ்வணில் எச்சரிக்கையாகிறது. சாம்பல் அணிலோ அந்த மணத்தைப் பொருட்படுத்தாமல் இரை தேடிக்கொண்டிருக்கிறது.

எனவே கூண்டுக்குச் செலவழிப்பதை மார்ட்டனுக்குச் செலவழிக்கலாமே என்பது என் கருத்து.

கானவன் (கம்பிரியா)

நெய்தல் அவர்களின் கருத்தை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மார்ட்டன் மெதுவாகப் பெருகும் விலங்கு. ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று குட்டிகள். நடு வேல்ஸில் 2015 முதல் 2017 வரை ஸ்காட்லாந்திலிருந்து 51 மார்ட்டன்களைக் கொண்டுவந்து விட்டார்கள்; இங்கிலாந்தின் டீன் காட்டில் 2019 முதல் 35. நல்ல தொடக்கம். ஆனால் அவை பெருகிப் பரவும் வரை எங்கள் செவ்வணில்கள் காத்திருக்க முடியாது. மேலும் மார்ட்டன் ஊருக்குள் வருவதைத் தவிர்க்கிறது. வட அயர்லாந்தில் பார்த்ததுபோல் நகரப் பூங்காக்கள் சாம்பல் அணிலின் புகலிடமாக நிற்கும். அங்கிருந்து மீண்டும் மீண்டும் வெளிவரும். காட்டுக்கு மார்ட்டன், ஊர் ஓரத்துக்குக் கூண்டு என்றே நான் பார்க்கிறேன்.

பயணி (தூரின்)

இத்தாலியின் அனுபவத்தையும் இங்கே வைக்கிறேன். எங்கள் நகருக்கு அருகே ஸ்டுபினிஜியில் 1948இல் இரண்டு இணை சாம்பல் அணில்களை விட்டார்கள். ஐம்பது ஆண்டு வரை பரவல் மெதுவாகத்தான் இருந்தது. 1997இல் ராக்கோனிஜி என்னும் இடத்தில் சோதனை முறையில் அகற்றும் பணியைத் தொடங்கினார்கள். விலங்குரிமை அமைப்புகள் அதிகாரிகள் மீது வழக்குப் போட்டன, பணி நின்றது. மேல்முறையீட்டில் அதிகாரிகள் 2000இல் விடுதலையானார்கள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் அணில்கள் கைக்கு எட்டாத பரப்புக்குப் போய்விட்டன. சில நூறு உயிர்களோடு முடிந்திருக்கக் கூடிய வேலை இது. இன்று எங்கள் மாகாணமான பியெமோந்தே முழுவதும் பல ஆயிரம். வழக்குப் போட்டவர்கள் இரக்கத்தோடுதான் போட்டார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

பின்னர் ஜெனோவாவின் நெர்வி பூங்காவில் மக்கள் எதிர்ப்பைக் கருதி அணில்களைப் பிடித்து அறுவை மூலம் கருத்தடை செய்து வேறு பூங்காக்களில் விட்டார்கள். ஒரு பூங்காவுக்கு அது முடிந்தது. ஒரு மாகாணத்துக்கு எத்தனை மருத்துவர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கோதை (லீட்ஸ்)

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மருந்து மூலம் கருத்தடை வருவதாகக் கேள்விப்பட்டேன். அது வந்துவிட்டால் கொல்வதை நிறுத்தலாம் அல்லவா? இன்னொன்று: எங்கள் தோட்டத்தில் பிடித்து, தொலைவில் ஒரு காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன? லீட்ஸில் இருந்துகொண்டு நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

கானவன் (கம்பிரியா)

பிடித்து வேறிடத்தில் விடுவது சட்டப்படி குற்றம். 2019இல் வந்த ஆணைக்குப் பின், கூண்டில் சிக்கிய சாம்பல் அணிலை யாரும் மீண்டும் வெளியே விடக் கூடாது, காயம்பட்டதைக் காப்பாற்றும் மையங்களும் விடக் கூடாது. நீரில் அமிழ்த்திக் கொல்வதும் குற்றமே. அப்படிச் செய்த ஒருவர் 2010இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்குச் செலவைக் கட்ட நேர்ந்தது. ஆகவே கொல்லத் தயாராக இல்லாதவர் கூண்டே வைக்கக் கூடாது.

கருத்தடை மருந்தை அரசின் விலங்கு, தாவர நல முகமை 2017 முதல் உருவாக்கி வருகிறது. ஹேசல் கொட்டை விழுதில் கலந்து கொடுப்பது திட்டம். செவ்வணில் தின்றுவிடக் கூடாது என்பதற்காகத் தீனிப்பெட்டியின் கதவை எடை வைத்துச் செய்திருக்கிறார்கள். கனத்த சாம்பல் அணில் தள்ளினால் திறக்கும், இலேசான செவ்வணிலால் திறக்க முடியாது. பெட்டியைக் காட்டில் சோதித்துவிட்டார்கள். மருந்து இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. வந்தாலும், பிறப்பு குறையும். இருக்கும் அணில்கள் அம்மையைச் சுமந்து சில ஆண்டுகள் வாழத்தான் செய்யும். முதலில் எண்ணிக்கையைக் கூண்டால் குறைத்து, பிறகு மருந்தால் அப்படியே வைத்திருப்பது நடக்கக் கூடியது. கூண்டை என்றைக்காவது கிடங்கில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நான் நம்புவது இந்த மருந்தை வைத்துத்தான்.

லீட்ஸில் செவ்வணில் இல்லை. உங்கள் தோட்டத்து அணிலால் உடனடி ஆபத்து எதற்கும் இல்லை. மகள் அதைப் பார்த்து மகிழட்டும், தீனி வைப்பதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குச் செவ்வணில் பகுதிக்கு வரும்போது, எதைக் கண்டாலும் இடத்தையும் நேரத்தையும் குறித்து உள்ளூர்க் குழுவுக்குத் தெரிவியுங்கள். ஒற்றைச் சாம்பல் அணில் பற்றிய தகவல் எங்களுக்குப் பெரும் உதவி. ஒன்று மட்டும் இருக்கும்போதே நாங்கள் போய்விட்டால் பின்னர் நாற்பதைக் கொல்ல வேண்டி வராது. தங்கும் விடுதியில் தீனிப்பெட்டி இருந்தால், வாரம் ஒருமுறை கிருமிநாசினி ஊற்றிக் கழுவுகிறார்களா என்று கேளுங்கள். அம்மை பரவும் இடங்களில் அதுவும் ஒன்று.

சிறுகுடி (லண்டன்)

ஆங்கில்சி பற்றியும் இத்தாலி பற்றியும் இத்தனை விவரங்கள் எனக்குத் தெரியாது. அரைகுறையாகச் செய்வதே கொடுமை என்னும் இடத்தில் கானவன் ஐயாவோடு ஒன்றுபடுகிறேன். செவ்வணிலே இல்லாத ஊர்களில் மரத்துக்காக மட்டும் கொல்வதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. மரம்நடுவோன் வருத்தப்படக் கூடாது. ஒவ்வொரு குழுவும் ஆண்டுதோறும் எத்தனை கொன்றது, பதிலுக்கு எத்தனை செவ்வணில் கூடியது என்று வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கானவன் (கம்பிரியா)

எங்கள் குழு வெளியிடுகிறது. சென்ற ஆண்டு 212. அதே சோலைகளில் வசந்தகாலக் கணக்கெடுப்பில் செவ்வணில் காணப்பட்ட இடங்கள் 31இலிருந்து 38 ஆயின.

கோதை (லீட்ஸ்)

இவை அனைத்தையும் மகளிடம் படித்துக் காட்டினேன். அம்மை கண்ட செவ்வணில் பற்றிய பத்தியை விட்டுவிடலாம் என்று நினைத்தேன், அவளே திரையைப் பார்த்துப் படித்துவிட்டாள். நீண்ட நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதை அப்படியே எழுதச் சொன்னாள். கூண்டுக்குள் இருக்கும்போது மழை பெய்தால் அந்த அணில் நனையுமா?

கானவன் (கம்பிரியா)

நனையாது என்று அவளிடம் சொல்லுங்கள். கூண்டின் மேலும் பக்கங்களிலும் மரப்பலகை வைத்து, அதற்கு மேல் பாசியும் ஓலைபோன்ற செடிகளும் போட்டு மூடுகிறோம். உள்ளே மக்காச்சோளமும் வேர்க்கடலையும் இருக்கும். நாளுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது விதி; நாங்கள் காலையிலும் மாலையிலும் போகிறோம். இரவில் கதவு விழாதபடி கட்டிவிடுகிறோம். செவ்வணில் தவறி மாட்டிக்கொண்டால் கதவைத் திறந்து விட்டுவிட்டு, அந்தக் கூண்டைத் தேய்த்துக் கழுவிய பிறகே மீண்டும் வைப்போம்.